படம்: செந்தாமரை

“ஐயய்ய, இது கருடன் இல்ல, சும்மா கரும்பருந்து!”

நான் சொன்னது இவ்வளவுதாங்க. எனக்கு நானே சொல்லிக்கிட்டது. மெதுவா. சத்தியமா மெதுவாத்தான் சொன்னேன். ஆனா அது பதினாறு குழாய் ஸ்பீக்கர்லயும் போயிருச்சு.

கோயிலைச் சுத்தி நாலாயிரம் பேர். எல்லாரும் தலைக்கு மேல கை கூப்பிக்கிட்டு. சாரத்து உச்சியில குருக்கள் குடத்தைச் சாய்ச்சுட்டாரு, முதல் சொட்டு விழல. விழப்போற அந்த நேரத்துல என் குரல் ஊரெல்லாம் கேக்குது. குருக்கள் குடத்தை நிமித்திட்டாரு. நாதஸ்வரம் பாதியில ‘பீ’ன்னு நின்னுச்சு. கும்பாபிஷேகத்தை நிறுத்துனவன்னு யாராவது சரித்திரத்துல இருந்தா, பக்கத்துல என் பேரையும் எழுதிக்கங்க.

மைக் என் காதுக்கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. நான் வர்ணனை மேடையில மல்லாந்து படுத்திருந்தேன். பறக்குற பறவையைக் கீழருந்து எடுக்குறதுக்கு அதான் வசதி, கழுத்து வலிக்காது. என் தலைமாட்டுல எங்க தமிழய்யா மாசிலாமணி நின்னு வர்ணனை பண்ணிட்டு இருந்தாரு. “அதோ! அதோ! கருட பகவான்!”னு கத்தினாரு. கத்தினவரு ரெண்டு கையும் கூப்பணும்ல? அதுக்காக மைக்கைக் கீழ வச்சாரு. என் வாய்க்கு நேரா. ஆஃப் பண்ணாம. இதுல என் தப்பு என்ன இருக்கு?

இருங்க, கடைக்கு ஒரு அம்மா ஆதார் ஜெராக்ஸுக்கு வந்திருக்காங்க.

ம், வந்துட்டேன். முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே பேப்பர்ல வேணுமாம்.

இதை எதுக்கு நம்ம பறவைக் குரூப்ல எழுதுறேன்னா, நேத்து டாக்டர் சார் போட்டதை எல்லாரும் படிச்சிருப்பீங்க. “தாமரை ஏந்திய கருடன். வெட்கக்கேடு. இந்த மோசடிக்கு நம் குழு உறுப்பினர் செந்தாமரை விளக்கம் தர வேண்டும். நான் இரவல் கொடுத்த லென்ஸ் நாளைக்குள் வர வேண்டும்.” அதுக்குக் கீழ நாப்பத்தி மூணு பேரு மூஞ்சி சிவந்த பொம்மை போட்டிருக்கீங்க. கால்நடை டாக்டருன்னா கால்நடைகிட்டதான் கோவப்படணும், எங்கிட்ட எதுக்கு? சரி, அவரு அட்மின். அந்த லென்ஸும் அவரோடதுதான். அது இல்லன்னா எங்கிட்ட இருக்குறது கடையில பாஸ்போர்ட் போட்டோ எடுக்குற லென்ஸ்தான். அதுல பருந்தை எடுத்தா கொசு மாதிரி வரும்.

அதனால நடந்ததை நடந்தபடி எழுதுறேன். கடைசியில கேமராவுல வந்த ஒரிஜினல் ஃபைலையும் போடுறேன். பாத்துட்டு எல்லாரும் மன்னிப்பு கேளுங்க. ஊர் பேரு மட்டும் சொல்ல மாட்டேன், எங்க பெரியப்பா மானம் போயிரும்.

பெரியப்பா வைத்திலிங்கம்தான் திருப்பணிக் கமிட்டித் தலைவரு. ஆறு வருசம் அலைஞ்சாரு. கும்பாபிஷேகம் முடியுற வரைக்கும் செருப்பு போட மாட்டேன்னு வேண்டிக்கிட்டு, மே மாசத் தார் ரோட்டுல குதிச்சுக் குதிச்சு நடந்தவரு. ஆனா கோபுரம் எழுப்ப இடம் பத்தலன்னு வாசல்ல இருந்த வேப்பமரத்தை வெட்டினாங்க. அங்கதான் வந்துச்சு வினை. நாடிமுத்து சார், ரிட்டையர்டு பி.டி. வாத்தியாரு, டீக்கடையில நின்னு சொன்னாரு: “மரத்தை வெட்டிப்புட்டு கும்பாபிஷேகமாய்யா? கருடன் வராது. எழுதி வச்சுக்க.”

நம்ம குரூப்ல வெளியூர்க்காரங்க, வேற மதத்துக்காரங்க இருக்கீங்கள்ல, உங்களுக்காகச் சொல்றேன். கும்பாபிஷேகத்தன்னைக்குக் கலசத்துக்கு மேல கருடன் வந்து வட்டம் போடணும். போட்டாத்தான் சாமி ஒத்துக்கிட்டதா அர்த்தம். கருடன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம செம்பருந்து. செங்கல் நிறத்துல ரெக்கை, வெள்ளைக் கழுத்து, வெள்ளை நெஞ்சு.

பெரியப்பாவும் விடல. அதே டீக்கடையில நின்னு, “கருடன் வரலன்னா இந்த வைத்திலிங்கம் இனிமே அந்தக் கோயில் வாசல மிதிக்க மாட்டான்”னுட்டாரு. சொல்லிட்டு நேரா எங்கிட்ட வந்து, “பாப்பா, கருடன் வர்றப்ப கலசத்தையும் சேத்துக் கீழருந்து ஒரு படம் எடு. கும்பாபிஷேக மலருக்கு அட்டைப்படம். அந்த நாடிமுத்து வீட்டு வாசல்ல கொண்டு போயி ஒட்டுறேன்”னாரு.

அதான் டாக்டர் சார்கிட்ட லென்ஸ் கேட்டேன். ஒரு வாரம் முழுக்க இங்க நான் பீத்திக்கிட்டது உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

இப்ப திரும்ப மேடைக்கு வாங்க. பறவை வந்துச்சு. கீழருந்து பாத்தா வானம் பளீர்னு இருக்கும், பறவை நெழலாட்டம் கருப்பாத் தெரியும். வெறுங்கண்ணுக்கு எல்லாப் பருந்தும் கருடன்தான். நான் வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வச்சிருந்தேன். மத்தவங்க பறவைக்கு முகத்தைப் பாப்பாங்க. நாம பாக்குறது வயித்தையும் வாலையும், அப்புறம் அங்கருந்து விழுறதையும். பாத்தேன். வால் நடுவுல கவட்டையா வெட்டு. செம்பருந்துக்கு வால் விசிறி மாதிரி உருண்டையா இருக்கும். வாயி தானாச் சொல்லிருச்சு.

பெரியப்பா மேடை ஏறி வந்தாரு. முகம் விபூதியை விட வெளுத்திருந்துச்சு.

“என்னடி சொன்ன?”

“கருடன் இல்ல பெரியப்பா. வால் கவட்டையா இருக்கு.”

“உன்னை எவடி வாலைப் பாக்கச் சொன்னா?”

“நீங்கதான பெரியப்பா கீழருந்து எடுக்கச் சொன்னீங்க? கீழருந்து வால்தான் தெரியும்.”

மைக் இன்னும் ஆன்ல இருந்துச்சு. இதுவும் போயிருச்சு.

கூட்டத்துல ஒருத்தன், “எந்தப் பருந்தா இருந்தா என்ன, ஊத்துங்க சாமி”ன்னான். அவன் பொண்டாட்டியே அவனைக் கிள்ளினா. அதுக்குள்ள நாடிமுத்து சார் குரல். அவருக்கு மைக்கே வேணாம், முப்பது வருசம் கிரவுண்டுல கத்தின தொண்டை. “நான் என்னய்யா சொன்னேன்? வந்துச்சா? வந்துச்சா?”

மேலருந்து குருக்கள் எட்டிப் பாத்தாரு. “வைத்தி! பத்தரை வரைக்கும் முகூர்த்தம் இருக்கு. அதுக்கு மேல நான் நிக்க முடியாது. குடம் கனக்கறது.”

மணி ஒம்போது அம்பது. பெரியப்பா மைக்கை எடுத்தாரு, சுவிட்ச்சைத் தேடினாரு, அமுக்கினாரு, ஒரு தடவை ஊதிப் பாத்து ஆஃப்தான்னு நிச்சயம் பண்ணிக்கிட்டாரு. அப்புறம் எங்கிட்டக் குனிஞ்சு, “தினமும் ஆத்துப் பாலத்துல நாலு உக்காந்திருக்குமேடி. அதெல்லாம் எங்க போச்சு?”ன்னாரு.

“பாலத்துல அது எதுக்கு உக்காந்திருந்துச்சு பெரியப்பா? அங்கதான அமலோற்பவம் அக்கா மீன் வெட்டுவாங்க. குடலு, செதிலு எல்லாம் அதுக்குத்தான். நீங்க காப்புக் கட்டி எட்டு நாளா ஊர்ல மீனே வரக் கூடாதுன்னுட்டீங்க. அதுக்கு விரதமெல்லாம் தெரியாது பெரியப்பா. அக்கரைக்குப் போயிருச்சு.”

அவரு வானத்தைப் பாத்தாரு. குருக்களைப் பாத்தாரு. செருப்பில்லாத தன் காலைக் குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் உதடு அசையாமக் கேட்டாரு.

“எவ்வளவு மீன் வேணும்?”

இருங்க, பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டே நிக்குறாரு இந்த ஆளு.

சரி. அமலோற்பவம் அக்கா கூட்டத்தோட கடைசியில, செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு கும்பாபிஷேகம் பாத்துட்டு இருந்தாங்க. எட்டு நாளா பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போயி வித்துட்டு வர்றவங்க. முந்தின நாள் விக்காத மத்தி கொஞ்சம் வீட்டுல ஐஸ்ல கிடக்குன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, எட்டு நாள் விரதம் பெரியப்பாவுக்குத்தான்.

“நல்லாருக்கே கதை!”ன்னாங்க அக்கா. “காப்புக்குள்ள மீன எடுத்தான்னு நாளைக்கு என்னையத்தான கூட்டி வச்சுக் கேப்பீங்க? மாட்டேன்.”

“கேக்க மாட்டேன்மா.”

“சத்தியம் பண்ணுங்க. உங்க அம்மன் மேலயும் பண்ணணும், எங்க மாதா மேலயும் பண்ணணும்.”

பெரியப்பா ரெண்டு பேரு மேலயும் பண்ணினாரு. கையில கட்டுன காப்போட.

நானும் அக்காவும் ஓடினோம். குளத்துக்குப் பின்னாடி மூடிக் கிடக்குற ரைஸ்மில், அதோட தகரக் கூரை. அக்கா வீசின வீச்சு இருக்கே, ஒவ்வொரு மத்தியும் வெயில்ல மின்னிக்கிட்டே போயி ‘டொப் டொப்’னு விழுந்துச்சு. அங்க ஸ்பீக்கர்ல மாசிலாமணி ஐயா கூட்டத்தைப் பிடிச்சு வச்சிருக்காரு. “ஆலங்காட்டூர் வாழ் பக்தப் பெருமக்களே! பகவான் நம் பொறுமையைச் சோதிக்கிறான்!” இங்க அக்கா, “வா ராசா, வா வா, எட்டு நாளாச்சு உன்னையப் பாத்து”ன்னு வானத்தைப் பாத்துக் கூப்பிடுறாங்க.

குரூப் விதி மூணு எனக்கும் தெரியும். இரை போட்டு வரவழைச்சுப் படம் எடுக்கக் கூடாது. நான் பறவைக்குப் போடலைங்க. தகரத்து மேல போட்டேன். அதுவும் நான் போடல, அக்கா போட்டாங்க. யாரு வந்து எடுத்துக்கிட்டாங்கன்னா அதுக்கு நான் பொறுப்பா? தயவுசெஞ்சு இதை வச்சு ஒரு பிரச்சனை ஆரம்பிக்காதீங்க.

முதல்ல காக்கா. அப்புறம் அந்தக் கவட்டை வால்காரன். நான் கைவிட்டுட்டேன். மணி பத்து இருபது. அப்ப ஆத்துப் பக்கமிருந்து வந்துச்சு பாருங்க, செங்கல் நிறத்துல ஒண்ணு, பின்னாடியே இன்னொண்ணு! நான் அக்காவை அங்கயே விட்டுட்டு மேடைக்கு ஓடி, மாசிலாமணி ஐயா காலுக்கு நடுவுல போயி மல்லாந்து விழுந்தேன். முதல் வேலையா மைக் எங்க இருக்குன்னு பாத்தேன். ஐயா மார்போட அணைச்சு வச்சிருந்தாரு.

வந்துச்சு. கோபுரத்துக்கு நேர் மேல. ஒரு வட்டம். ரெண்டாவது வட்டம். மூணாவது வட்டம். நாலாயிரம் பேரும் அழுகுறாங்க. நான் உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்ல, அது அம்மனுக்காகச் சுத்தல. பின்னாடி கரும்பருந்து பிடுங்க வந்துச்சு, அதுக்குப் போக்குக் காட்டிச் சுத்துச்சு. குருக்கள் ஊத்திட்டாரு. கீழ மோட்டார் வச்சுத் தீர்த்தம் அடிக்கிறாங்க, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் மட்டும் மூடல. ஷட்டர் வேகம் ரெண்டாயிரத்துல ஒரு பங்கு செகண்டு. மூச்சை நிறுத்தி, விட்டேன் ஒரு பர்ஸ்ட், ஒரே அமுக்குல வரிசையாப் பத்துப் படம்.

படம் எப்படின்னா, எப்படிச் சொல்றது. ரெக்கையோட ஒவ்வொரு இறகு வழியாவும் வெயில் இறங்குது. அந்தச் செங்கல் நிறம் நெருப்பு மாதிரி எரியுது. வெள்ளை நெஞ்சுல ஒவ்வொரு கோடும் தெரியுது. ஓரத்துல கலசம், அதுலருந்து தண்ணி விழுற வளைவு. எனக்கு நல்லாத் தெரியும், இனி நான் எழுபது வயசு வரைக்கும் மல்லாந்து படுத்தாலும் இப்படி ஒண்ணு கிடைக்காது.

அதோட கால்ல மத்தி.

தெளிவா. கண்ணு முதற்கொண்டு. மத்தி கேமராவைப் பாத்துச் சிரிக்குற மாதிரி.

அடுத்த நொடி கரும்பருந்து இடிச்சுச்சு, மீன் நழுவிக் கீழ போச்சு. எங்க விழுந்துச்சுன்னு தெரியல. அப்புறம் மண்டபம் பூரா தேடினேன், கிடைக்கல. யாரும் பாக்கவும் இல்ல. பெரியப்பா தரையில விழுந்து கும்பிட்டுட்டு இருந்தாரு, எந்திரிக்கவே இல்ல. நாடிமுத்து சார் கூட கை கூப்பிக்கிட்டு அசையாம நின்னாரு. தோத்த கடுப்புன்னு நெனச்சு நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன்.

படத்தைப் பாத்ததும் பெரியப்பா சொன்னாரு, “அந்த மீனை மட்டும் எடுத்துடு பாப்பா.”

“முடியாது பெரியப்பா. எடுத்த படத்துல கை வைக்கக் கூடாது. குரூப் விதி ஒண்ணு.”

நல்லாக் கேளுங்க டாக்டர் சார். நான் முடியாதுன்னுட்டேன். ரெண்டு நாள் அவரோட பேசவே இல்ல. அவரு படத்தை வாங்கிட்டுப் போயி மலர் அடிக்கிற பிரஸ்ல கொடுத்துட்டாரு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு, அவரு கையெழுத்துல ரெண்டு வரி:

மீனை எடுக்கவும்.
படம்: செந்தாமரை.

என் பேரு போடணும்னு அவருக்கு ஆசை. சண்டை போட்ட பொண்ணைச் சமாதானம் பண்றாராம். பிரஸ்ல இருந்த டிசைனர் சீட்டைப் படிச்சாரு. மீனை எடுக்கவும், சரி, எடுத்தாச்சு. படம், செந்தாமரை. ஓகோ, மீனுக்குப் பதிலா செந்தாமரைப் படம் வைக்கணும் போலன்னு, நல்லா விரிஞ்ச ஒண்ணாத் தேடி, கால் விரலுக்குள்ள கச்சிதமாச் சொருகிட்டாரு. ஆயிரம் பிரதி. என் பேரு மலர்ல எங்கயுமே இல்ல. அதான் கால்லயே தொங்குதேங்குறீங்களா? சிரிக்காதீங்க.

இப்ப ஊர்ல வீட்டுக்கு வீடு அந்த அட்டைதான் மாட்டியிருக்கு. அம்மனுக்குக் கருடன் தாமரை கொண்டு வந்துச்சாம். எதுத்த வீட்டு அக்கா எங்கிட்டயே சொல்றாங்க, “நீ கேமராவுல பாத்துட்டு இருந்த, உனக்குத் தெரியாதுடி. நான் கண்ணால பாத்தேன். ஒரு இதழ் எங்க தலையில விழுந்துச்சு.”

அதுதான் உங்க போனுக்கும் வந்திருக்கு. அவ்வளவுதான் சார் நடந்தது. இப்ப ஒரிஜினலைப் போடுறேன். ஃபைல் பெருசு, ஏறிட்டு இருக்கு. நாப்பது சதவீதம்.

இருங்க. நாடிமுத்து சார் கடைக்கு வர்றாரு. இவரு எதுக்கு இங்க வர்றாரு?

வந்துட்டேன். அரை மணி நேரமாச்சு. மன்னிச்சுக்கங்க.

அவரு அந்த மலர் அட்டையைக் கிழிச்சுக் கொண்டு வந்து மேசையில வச்சாரு. “லேமினேசன் போடு.”

“நீங்களா சார்?”

“ஏன், நான் மாட்டக் கூடாதா?”

மெசினைச் சூடு பண்ணினேன். அவரு கண்ணாடியைத் தூக்கிவிட்டு அட்டையையே பாத்துட்டு இருந்தாரு. “தாமரைய வச்சது யாரு?”

“பிரஸ்காரங்க சார்.”

“மத்தின்னா மத்தின்னு விட வேண்டியதுதான.”

எனக்குக் கை நின்னுபோச்சு. நான் அவருகிட்ட மீனுன்னே சொல்லல.

“சார், மத்தின்னு உங்களுக்கு எப்படி...”

“தோள்மேல சொத்துன்னு விழுந்தா தெரியாதா? நல்லவேளை, கீழ விழுகுறதுக்குள்ள பிடிச்சுட்டேன். சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.”

“பையிலயா? அப்புறம்?”

“அப்புறம் என்ன, அன்னதானத்துல உக்காந்து சாப்புட்டேன். ரெண்டு பக்கமும் ஒரு பய உக்காரல. என்ன ஊத்திக்கிட்டு வந்திருக்காருன்னு பேசிக்கிட்டானுக. மூணு தடவை துவைச்சாச்சு, நாத்தம் போகல.”

“அதைத் தூக்கிக் காட்டியிருந்தா நீங்கதான சார் ஜெயிச்சிருப்பீங்க?”

அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. ஸ்கூல்ல லைன்ல தப்பா நின்னா பாப்பாரே, அப்படி. “காட்டினா தீட்டும்பான். திரும்ப முதல்லருந்து யாகசாலை போடணும்பான். குருக்களுக்கு எழுபத்தாறு வயசு, இன்னொரு தடவை சாரம் ஏறுவாரா? உங்க பெரியப்பன் இப்பத்தான் செருப்பு போட்டிருக்கான். மரத்துக்கு நான் சண்டை போட்டேன். நாளைக்கும் போடுவேன். அது வேற.” அப்புறம் அட்டையைத் தூக்கி வெளிச்சத்துல பாத்து, “என்ன, ஓரத்துல குமிழ் விட்டிருக்கு? திரும்பப் போடு”ன்னாரு.

திரும்பப் போட்டுக் கொடுத்தேன். போயிட்டாரு.

நான் திரும்பி வந்து பாக்குறப்ப ஃபைல் தொண்ணூத்தி ஆறு சதவீதம். கேன்சல் பண்ணிட்டேன்.

ஆமாங்க, போடல. படத்தைப் போட்டா அது எங்க சுத்திட்டு எங்க வரும்னு எனக்குத் தெரியும், தாமரையே ஒரே நாள்ல உங்க கிட்ட வந்துருச்சே. எழுதுனதை மட்டும் போடுறேன். படம் இல்லாம எழுத்தை யாரு நம்பப்போறா, அந்தத் தைரியம்தான். ஊர் பேரும் சொல்லல, அதனால பயமில்ல. டாக்டர் சார், லென்ஸ் நாளைக்குக் காலையில முதல் பஸ்ல வருது, கண்டக்டர்கிட்டச் சொல்லியிருக்கேன். துடைச்சுத்தான் வச்சிருக்கேன். லேசா மீன் வாடை அடிச்சா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

ஆனா ஒண்ணு கேக்கணும். உங்கள்ல யாருக்காவது இப்படி ஆயிருக்கா? இதுக்கு மேல ஒரு படம் எடுக்கவே முடியாதுங்குற மாதிரி ஒண்ணு எடுத்து, அதைப் பாக்கணும்னா கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு ஒத்தையா உக்காந்து பாக்குற மாதிரி? இல்ல, எனக்கு மட்டும்தானா?